பிறந்த தேதிக் கட்டத்தில் ஒரு கோடு

அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கணக்கு அதிகாரி ஜன்னலோர நாற்காலியில். அவருக்கு எதிரே எங்கள் ஹெட் கிளார்க். பட்டறை முழுக்க அவரைப் பொடோபாபு, அதாவது பெரிய பாபு, என்றுதான் கூப்பிடும். மேசையின் பக்கவாட்டில், வேலை போனவர்களுக்கு வேறு வேலை பிடித்துக் கொடுப்பதற்காக வெளியிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்த பெண். கதவை ஒட்டி, செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்ற கிரேன் டிரைவர், எனக்கு அண்ணாச்சி. டைப்ரைட்டருக்குப் பின்னால் நான். டீக்காரரையும் சேர்த்தால் ஆறு. ஆனால் அவர் ஐந்து மண் கோப்பைகளை வைத்துவிட்டு, யார் காசு கொடுப்பது என்று எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் இல்லை.

டைம் ஆபீஸில் பதினெட்டு வருடம் ஆள் எண்ணியவன் நான். யார் வந்தார், யார் வரவில்லை என்பதில் என்னிடம் தப்பு வராது. வேறு எதில் வேண்டுமானாலும் வரும்.

பட்டறை கல்கத்தாவில், கிடர்பூரில், கப்பல்துறை மதிலை ஒட்டி இருந்தது. கப்பலிலிருந்து கழற்றிக் கொண்டுவரும் பெரிய பாகங்களைப் பழுது பார்த்துக் கொடுப்பது தொழில். தொண்ணூறுகளின் நடுவிலேயே வேலை குறைய ஆரம்பித்துவிட்டது. முதலில் இரவு ஷிப்ட் போயிற்று. பிறகு கேன்டீன் போயிற்று. பிறகு பூஜா போனஸ் இரண்டு தவணையாக வந்தது. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். விஸ்வகர்மா பூஜைக்கு முந்தைய வாரம் அது. அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று தெரியாத ஆட்கள், ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு யானையோடு சிலை வாங்கி, கிச்சடி கிண்டி, கூரையில் ஏறிப் பட்டம் விட்டார்கள். அறுந்த பட்டம் ஒன்று கிரேன் ஓடுகிற தண்டவாளத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. அதை எடுக்கக் கிரேனை ஓட்ட வேண்டும். மின்சாரத்தை ஏற்கெனவே துண்டித்துவிட்டார்கள். மழை ஈரத்தில் காகிதம் கிழிந்து, குச்சி மட்டும் ரொம்ப நாள் அங்கே தொங்கியது.

மூடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஓர் அறை கொடுத்தார்கள். பழைய கேன்டீன் சாமான் அறை. கடுகு எண்ணெய் வாடை போகவே இல்லை. அதில் ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், பூட்டுப் போட்ட டெலிபோன், வாரம் இரண்டு நாள் அந்தப் பெண். எழுபத்து மூன்று பேருக்கும் அங்கிருந்து வேறு வேலை தேட வேண்டும். என்னையும் அனுப்பிவிட்டார்கள்தான்; ஆனால் கணக்கு முடிகிற வரை இந்த அறையில் உட்கார்ந்து எல்லோருக்கும் பயோடேட்டா அடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். பியூனாகச் சேர்ந்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று டைம் ஆபீஸுக்கு ஏற்றப்பட்டவன். ஆங்கிலத்தைப் பார்த்து அடிக்கத் தெரியும். படித்தால் பாதி புரியும். வங்காளி, இந்தி, தமிழ் மூன்றிலும் வாய் ஓடும். அந்த வாய்தான் பிரச்சினை.

அந்தப் பெண்ணை எல்லோரும் தீதி என்பார்கள், அக்கா என்று. அவருடைய அப்பா வயதுக்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். தீதி எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்று பழக்குவார்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

“என்னைப் பத்தி என் பொண்டாட்டியக் கேளுங்க தீதி. அவளுக்குத்தான் நல்லாத் தெரியும்” என்றார் ஒரு பிட்டர்.

“அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க?”

“ரெண்டு எடம்தான் தீதி. ஒண்ணு இதே டீக்கடை. இல்லன்னா சுடுகாடு” என்றார் வெல்டர். எல்லோரும் சிரித்தார்கள். தீதியும் சிரித்தார். பிறகு தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ எழுதுவதுபோல இருந்தார். பேனா மூடி கழற்றப்படவில்லை, நான் பார்த்தேன்.

அறுபத்தொரு பயோடேட்டா அடித்தேன். ஒருவர் இருபத்தாறு வருடம் சங்கிலி இழுத்தவர். அதை ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது என்று தீதியைக் கேட்டேன். அவர் யோசித்து நீளமாக ஒரு வாக்கியம் சொன்னார். அடித்து முடித்து அந்த மனிதருக்கு இந்தியில் அர்த்தம் சொன்னேன். “இது யாரு?” என்று கேட்டார்.

அறுபத்தொன்றையும் தபாலில் போட்டோம். பதில் வந்தவை ஏழு. நான்கு பேர் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்கள். இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். உண்மையான வேலை, தெரிந்த தொழிலில், இங்கே வாங்கியதைவிடக் கூடுதல் சம்பளத்தில், ஒரே ஒருவருக்குத்தான் அமைந்தது. அது அண்ணாச்சிக்கு.

கிடர்பூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் புதிதாக ஒரு கன்டெய்னர் யார்டு வந்திருந்தது. கிரேன் ஓட்ட நான்கு பேர் கேட்டார்கள். அண்ணாச்சி போய் ஓட்டிக் காட்டினார். இரும்புப் பெட்டியைத் தூக்கி லாரி மேல் வைத்தபோது சத்தமே வரவில்லையாம். லாரி டிரைவர், வைத்தாயிற்றா என்று இறங்கி வந்து பார்த்தாராம். யார்டு மேனேஜர் அங்கேயே கையைக் கொடுத்து, “வெள்ளிக்கிழமைக்குள்ள பழைய கம்பெனி சர்டிபிகேட்டைக் கொண்டு வா. ஒண்ணாம் தேதி சேந்துக்கலாம்” என்றார். ஒரே நிபந்தனை. இன்சூரன்ஸ் காரணமாக வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு நாற்பத்து மூன்று. ஆனால் பட்டறையின் சர்வீஸ் புக்கில் நாற்பத்தெட்டு.

இதைச் சொன்னால் வெளியில் இருப்பவர்களுக்கு மோசடி மாதிரித் தெரியும். எங்கள் பட்டறையில் ஓர் ஆளுக்கு வயது இரண்டு. புத்தக வயது, உடம்பு வயது. வேலைக்கு எடுக்கும்போது யாரிடமும் பிறப்புச் சான்றிதழ் கேட்டதில்லை. கம்பெனி டாக்டர் ஆளைப் பார்த்து, தோற்றத்தின்படி இத்தனை என்று எழுதிவிடுவார். சிலர் குறைத்துக்கொண்டார்கள், கூடக் கொஞ்ச வருடம் வேலை பார்க்கலாம் என்று. சிலர் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. “புத்தகத்துல ஐம்பத்தாறு, உடம்புல அறுபது” என்று ஆட்கள் சர்வ சாதாரணமாகச் சொல்லிக்கொள்வார்கள். வெளி ஆள் யாரோ ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

அண்ணாச்சி கூட்டிக்கொண்டவர். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய அப்பா எங்கள் பட்டறையிலேயே கயிறும் கப்பியும் போட்டுப் பளு தூக்குகிற கலாசி. மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். இறந்தவர் வேலை மகனுக்கு என்பது வழக்கம். ஆறு மாதத்துக்குள் சேர வேண்டும், பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். மகனுக்குப் பதினைந்து. கீழே மூன்று தங்கைகள். டாக்டரிடம் போன அன்று காலையில் அவருடைய அம்மா கண்மையை விரலில் எடுத்து மேலுதட்டில் தீற்றிவிட்டாராம். “வேர்த்து வேர்த்து பாதி மீச வாய்க்குள்ள போயிட்டுவே. டாக்டரு பாத்துட்டு சிரிச்சாரு. சிரிச்சுட்டு எழுதிட்டாரு” என்று அண்ணாச்சி பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போது இருந்த ஹெட் கிளார்க் விவரமானவர். பதினெட்டு என்று போட்டால் எல்லைக்கோட்டில் நிற்கும், யாராவது நோண்டுவார்கள், இருபது என்று எழுதிவிடு என்றாராம். பத்திரத்துக்காகக் கூட்டிய இரண்டு வருடம் அது.

இப்போது அவர் கையில் இருந்த ஒரே உண்மையான காகிதம், கல்கத்தாத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் எட்டாவது முடித்ததற்கான டி.சி. அதைப் பார்த்துத்தான் பயோடேட்டாவில் நாற்பத்து மூன்று என்று நான் அடித்திருந்தேன். கம்பெனி சர்டிபிகேட்டோ அச்சடித்த படிவம். பெயர், டோக்கன் நம்பர், வேலை, சேர்ந்த நாள், விலகிய நாள், நடத்தை. நடுவில் ஒரு கட்டம்: பதிவேட்டின்படி பிறந்த தேதி.

திங்கட்கிழமை பொடோபாபு அதற்கு வழி சொன்னார். புதுவெல்லம் வரத் தொடங்கியிருந்த மாதம். அதில் செய்த சந்தேஷ் மிட்டாய் ஒன்றைப் பாதி கடித்தபடியே சொன்னார்.

“பிறந்த தேதில ஒரு கோடு போட்டுடு. நான் கையெழுத்துப் போடறேன். யார்டுக்காரன் கிரேன் ஓட்டத் தெரியுமான்னு பாக்கப் போறான். ஜாதகமா பாக்கப் போறான்?”

செவ்வாய் முழுக்க அந்தப் படிவம் டைப்ரைட்டரில் சுருண்டு கிடந்தது. மற்ற கட்டங்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். கோடு போடும் சாவியின் மேல் விரலை வைப்பேன், எடுப்பேன். அண்ணாச்சியின் கிராஜுவிட்டி இன்னும் வரவில்லை. அதற்கான பட்டியல் நாற்பத்தெட்டு வயதோடு தலைமை அலுவலகம் போயிருந்தது. யார்டிலிருந்து யாராவது போன் செய்து கேட்டால்? இரண்டு காகிதமும் ஒரே மேசைக்கு வந்தால்? சர்டிபிகேட்டின் அடியில், அடித்தவர் என்று என் முதலெழுத்துகள் வேறு இருக்கும். என்னுடைய கிராஜுவிட்டியும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. பயத்தில் பாதி அண்ணாச்சிக்காக என்று இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதியாவது இருந்திருக்கும் என்றுதான் நம்புகிறேன்.

புதன்கிழமை கணக்கு அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. கடைசி ஐந்து பேர் கிராஜுவிட்டியைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். நாலு மணிப் படகைப் பிடித்தால் அக்கரையில் ஹவுராவில் ஊருக்குப் போகிற லோக்கல் ரயில் கிடைக்கும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். அண்ணாச்சி சர்டிபிகேட் வாங்க வந்து நின்றார். டீ வந்தது.

“சார், இவருக்கு வேலை கெடைச்சிருக்கு” என்றார் தீதி. அந்த மூன்று மாதத்தில் அவர் குரலில் அப்படி ஒரு தெளிச்சியை நான் கேட்டதில்லை. “கிரேன் வேலையே.”

“அப்படியா, மிட்டாய் எங்கே?”

“வெள்ளிக்கெழம ஆவட்டும் சார், நானே வாங்கிட்டு வாரேன்” என்று அண்ணாச்சி இந்தியில் சொன்னார்.

அதிகாரி அண்ணாச்சியின் கணக்கைப் பார்த்தார். இருபத்தெட்டு வருட சேவை. கடைசிச் சம்பளம் நாலாயிரத்து இருநூறு. அறுபத்தேழாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு ரூபாய் பதினைந்து பைசா. பேனாவைத் திறந்தார். இரண்டு நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தக் கையெழுத்து விழுந்திருக்கும்.

“சார், ஒரு சின்ன சந்தேகம்” என்றேன்.

மேசைக்கு அடியில் பொடோபாபுவின் செருப்பு என் கணுக்காலில் பட்டது. பட்டது என்ன, உதைத்தார்.

“சர்டிபிகேட்டுல பிறந்த தேதி கட்டத்துல கோடு போட்டா, செட்டில்மென்ட்டுக்குப் பின்னாடி ஏதும் தொந்தரவு வருமா?”

“ஏன் கோடு? சர்வீஸ் புக்ல தேதி இருக்கே.”

“இருக்கு சார்.”

“அப்புறம் என்ன?”

எதையாவது சொல்லியிருக்கலாம். டைப்ரைட்டரில் எட்டாம் எண் உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு பொய்யை வீட்டில் உட்கார்ந்து பிறகு எத்தனையோ யோசித்திருக்கிறேன். அன்று நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அதிகாரி என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த அண்ணாச்சியின் பயோடேட்டாவை இழுத்து வைத்துக்கொண்டார். சர்வீஸ் புக்கையும் பயோடேட்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார்.

“பதினஞ்சு வயசுல சேந்திருக்கான்” என்று பொடோபாபுவிடம் சொன்னார், வங்காளியில், மெதுவாக. “அப்போ இந்த அப்பாயின்ட்மென்ட்டே தப்பாச்சே பொடோபாபு.”

“அந்தக் காலத்துல எல்லாம் அப்படித்தான். விடுங்க.”

“எனக்குத் தெரியாம இருந்திருந்தா விட்டிருப்பேன்.”

“நீங்க பாக்கலைன்னு வெச்சுக்கலாமே சார்” என்றார் தீதி.

“நான் பாக்கலைன்னு வெச்சுக்கலாம். இவரு கேக்கலைன்னு எப்படி வெச்சுக்கறது?” அதிகாரி என்னைக் காட்டினார். “நாளைக்கு ஆடிட் வந்தா அவங்ககிட்டயும் ஒரு சின்ன சந்தேகம் கேப்பாரு.”

அவர் பட்டியலில் அண்ணாச்சியின் பெயருக்கு எதிரே, வயதில் முரண்பாடு, விளக்கம் வரும் வரை நிறுத்தி வைக்கவும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். நாலு மணிப் படகுக்குப் போய்விட்டார். எழுத்தில் வந்துவிட்ட பிறகு கோடு போட்ட சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட பொடோபாபுவுக்குத் தைரியம் இல்லை. அவருக்கும் கிராஜுவிட்டி பாக்கி. பதிவேட்டில் உள்ள தேதியையே நான் அடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டார்.

வெளியே, மதில் நிழலில், அண்ணாச்சி பீடி பற்ற வைத்தார்.

“ஏன்வே, இருவத்தெட்டு வருசமா ஒரு பயலும் கேக்கலியே. ஒமக்கு மட்டும் எங்கேருந்துவே வருது சந்தேகம்?”

“பின்னாடி பிரச்சின வரக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி…”

“பின்னாடி வரக் கூடாதுன்னு முன்னாடியே கூட்டியாந்துட்டீரு.”

நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, பீடியை என்னிடம் நீட்டினார். நான் பீடி குடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். “நாளைக்கு யார்டுக்கு நீரும் வாரும். எனக்கு இங்கிலீசு வராது. நீரு வந்து சொல்லும்.”

“எனக்கும் அவ்வளவு வராதே.”

“வாரதச் சொல்லும்வே. வேண்டாததச் சொல்லத் தெரியுதுல்லா.”

மறுநாள் பஸ்ஸில் போனோம். அண்ணாச்சி டி.சி.யைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தார். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், நர்சிங் சேரணும் என்கிறாள், மூன்று வருடத்துக்குக் கட்ட வேண்டும் என்று வழியில் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். அதற்குத்தான் யார்டு சம்பளமும், கைக்கு வருகிற கிராஜுவிட்டியும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கேள்வியால் நிறுத்தியவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

யார்டு மேனேஜர் சர்டிபிகேட்டையும் டி.சி.யையும் வாங்கிப் பார்த்தார். “ரெண்டுல எது நெஜம்?” என்று இந்தியில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி சொன்னார்: “ரெண்டும்தான் சார். அது சம்பளத்துக்கு. இது உடம்புக்கு.”

மேனேஜர் சிரித்தார். நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார். எனக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. டீ குடித்து முடிக்கிற வரை பேசினார். அவருக்கும் அண்ணாச்சியைப் பிடித்திருந்தது. அதில் சந்தேகமே இல்லை. “தேதி இல்லாம ஒரு சர்டிபிகேட் கொண்டு வந்திருந்தா நான் டி.சி.யை வெச்சே முடிச்சிருப்பேன். கம்பெனி முத்திரையோட நாப்பத்தெட்டுன்னு வந்த பிறகு இன்சூரன்ஸ்காரன் எப்படி ஒத்துக்குவான்?” என்றார். கோடு போட்டிருந்தால் போதும் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டேன். எங்களை வாசல் வரை வந்து அனுப்பினார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

தீதி தன் கடைசி வாரத்தில் அண்ணாச்சிக்கு ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் இடம் பிடித்துக் கொடுத்தார். அவர்களுக்கு நாற்பத்தெட்டு வயது பிடித்திருந்தது. இளவட்டங்கள் ஓடிப்போய்விடுவார்கள், வயசானவன் நிற்பான் என்றார்களாம். அலிப்பூர்ப் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடி வாசலில் நீலச் சட்டையோடு நின்றார். யார்டில் சொன்ன சம்பளத்தில் பாதிகூட இல்லை. மகள் நர்சிங் சேரவில்லை. ஒரு நர்சிங் ஹோமில் நோயாளிக்குத் துணை இருக்கிற ஆயா வேலைக்குப் போனாள். தீதியின் ஒப்பந்தமும் மூன்று மாதத்தோடு முடிந்தது. போகிற அன்று, “என் பயோடேட்டாவையும் ஒண்ணு அடிச்சுத் தாங்க தாதா” என்றார், அண்ணா என்று. அடித்துக் கொடுத்தேன். வயது கேட்கவில்லை, அவரே சொன்னார்.

எனக்கு என் பணம் முழுதாக வந்தது. இதை எழுதாமல் விட முடியாது.

பிறகு நான் அலிப்பூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மேசை போட்டு, மனு அடிக்கிற வேலையில் உட்கார்ந்தேன். அண்ணாச்சியின் கிராஜுவிட்டி விஷயத்தை நானே எடுத்துக்கொண்டேன். காசு வாங்காமல் ஒரு வக்கீலைப் பேச வைத்தேன். அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “உண்மையான தேதியை அபிடவிட்ல போட்டா, பொய் சொல்லி வேலைக்குச் சேந்தேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. பழைய தேதியைப் போட்டா, பள்ளிக்கூட டி.சி. பொய்யின்னு ஆகுது, அந்த வயசைக் கம்பெனி அதிகாரி பாத்தாச்சு. எதைப் போடலாம்னு நீங்களே சொல்லுங்க.”

லேபர் ஆபீஸுக்கு எழுதினேன். நடந்தேன். மனுவின் நகலை, நகலின் நகலை வைத்துக்கொண்டேன். கிளம்பும் முன் பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பேன். டிராமில் ஒருமுறை, இறங்கியபின் ஒருமுறை. எல்லாம் இருக்கும். ஆபீஸில் அன்று பார்க்க வேண்டிய ஆள்தான் இருக்க மாட்டார். மூன்றாவது வருடம் சமரசத்தில் கம்பெனி இருபதாயிரம் கொடுக்க ஒப்புக்கொண்டது. மீதி, விளக்கம் பரிசீலனையில் என்றது. அந்த இருபதாயிரத்தை வாங்கிய அன்று அண்ணாச்சி எனக்குக் கால் கிலோ சந்தேஷ் வாங்கி வந்தார். “வெள்ளிக்கெழம வாங்கித் தாரேன்னு சொன்னேம்லா, இன்னைக்கு வெள்ளிக்கெழமதான்வே” என்றார். அதற்கப்புறம் கம்பெனி முழுதாகக் கலைப்புக்குப் போய், சொத்து எல்லாம் கோர்ட் நியமித்த அதிகாரி கையில் போயிற்று. பட்டறை இருந்த இடத்தில் லாரிகள் நின்றன. பாக்கிக்காரர்கள் வரிசையில் வங்கிகள், அப்புறம் யார் யாரோ, அவர்களோடு அண்ணாச்சி.

ஏழு வருடம் வாசலில் நின்றார். ஒரு நாள் மத்தியானம் நீலச் சட்டை இல்லாமல் கடைக்கு வந்தார். ஏஜென்சியில் ஐம்பத்தைந்தோடு அனுப்பிவிடுவார்களாம்.

“எனக்கு ஐம்பதுதாம்வே ஆவுது. ஐம்பத்தஞ்சுன்னு கணக்குத் தீத்துட்டானுவ. எங்க அம்மா தீட்டுன மீச, இன்னும் அழிய மாட்டேங்குது.”

“அவங்ககிட்ட டி.சி.யைக் காட்டலாமே அண்ணாச்சி.”

“எதுக்கு. இதையும் நிறுத்தி வைக்கதுக்கா?”

ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார். இரும்புக் கடை ஒன்றில் சாமான் ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்க ஆள் கேட்கிறார்களாம்; ஹவுராவில். பயோடேட்டா வேண்டும் என்றார். காகிதத்தைச் செருகினேன். பெயர் அடித்தேன். விலாசம் அடித்தேன். அடுத்த கட்டத்தில் கை நின்றது.

“அண்ணாச்சி, வயசு என்ன போட?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. அலுப்புதான்.

“கேக்காம எழுதுமே. ஒரு தடவையாவது கேக்காம எழுதுமே.”

எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தெட்டில் ஒருமுறை வேலை போயிற்று, அதே நாற்பத்தெட்டில் ஒரு வேலை கிடைத்தது, ஐம்பத்தைந்தில் அதுவும் போயிற்று. உண்மை எங்கேயும் அவருக்கு உதவியதில்லை. பொய்யும் உதவவில்லை. கடைசியில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். ஏழு வருடத்துக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கோடு. அண்ணாச்சி காகிதத்தை எடுத்துப் பார்த்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரும்புக் கடைக்காரர் அதைப் படிக்கவே இல்லையாம். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கையில இன்னும் தூக்க முடியுமா?” என்று மட்டும் கேட்டாராம். முடியும் என்றிருக்கிறார். மேற்பார்வை என்று சொன்ன வேலை, ஏற்றி இறக்குவதும் சேர்த்துத்தான்.

இன்றும் வருடத்துக்கு ஒருமுறை கலைப்பு அதிகாரியின் அலுவலகத்துக்கு நினைவூட்டல் மனு அடிக்கிறேன். எப்போதும் அதே வாசகம்தான். பெயர், டோக்கன் நம்பர், சேர்ந்த நாள், விலகிய நாள். பிறந்த தேதியை அதில் நான் குறிப்பிடுவதில்லை, அவர்களும் கேட்பதில்லை. போன முறை கொண்டு போனபோது அங்கிருந்த கிளார்க், வரிசை எண் எழுதிக் கொடுத்துவிட்டு, “ஆளு இருக்காரா?” என்றார். இருக்கிறார் என்றேன். “அப்ப சரி” என்று முத்திரை குத்தினார். மனுவின் கடைசி வரியில் பாக்கித் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். மூன்று முறை கழித்துப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பேன், மாறாது என்று தெரிந்தும்.

வர வேண்டிய பாக்கி: ரூ. 47,846.15. நாற்பத்தேழாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு ரூபாய், பதினைந்து பைசா.